வடக்குச் சரிவின் சைபர்கள்

எங்கள் அலுவலகம் தல்லாகுளத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. காட்டைப் பற்றி ஏற்கெனவே யார் யாரோ எடுத்து வைத்த தகவல்களைச் சேர்த்து, எந்த வகைக் காடு எங்கே இருக்கும், என்ன நிலையில் இருக்கும் என்று கணினியில் மாதிரி செய்து வரைபடமாகக் கொடுப்பது எங்கள் வேலை. புதிதாக அளக்க ஆள் கிடையாது. காவலர்களின் பழைய பதிவேடுகள், செயற்கைக்கோள் படங்கள், மண், மழை, சரிவின் திசை ஆகியவற்றை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

நான் முழுப் பொறுப்பில் செய்த முதல் வரைபடம் வாடிப்பட்டிக்கு அப்பால் உள்ள ஒரு குன்றினுடையது. அதன் வடக்குச் சரிவு முழுவதும் சிவப்பாக வந்தது. பழைய காடு போய்விட்டது, அங்கே பச்சையாகத் தெரிவதெல்லாம் சீமைக்கருவேலம் என்று அதற்கு அர்த்தம். சரிவைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கி, பொக்லைன் விட்டுச் சுத்தம் செய்யலாம் என்று பரிந்துரையும் தயாரானது. வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். கீழே என் பெயர்.

அந்தச் சிவப்பு ரொம்பச் சுத்தமாக இருந்ததுதான் என்னை உறுத்தியது. காடு அப்படி இருக்காது. ஓரங்களில் கலங்கும், ஓடைப் பக்கம் நிறம் மாறும். சந்தேகம் வந்தால் நான் பட்டியல் போடுவேன். அன்று ஒன்பது வரி. படம் எடுத்த மாதம் சரியா, திசை தலைகீழாகிவிட்டதா என்று ஏழு வரிகளை அடித்த பிறகு எட்டாவது வந்தது: மூலப் பதிவேட்டைப் பார்த்தாயா? பார்க்கவில்லை. தட்டச்சு செய்த கோப்பு மட்டும்தான் என்னிடம் இருந்தது.

தட்டச்சு செய்தது பக்கத்து மேசை அக்கா. பல அலுவலகங்களில் வேலை பார்த்தவர், கை வேகம்.

"அக்கா, வடக்குச் சரிவுல அம்புட்டும் சைபரா இருக்கே. பதிவேட்டுல அப்படியா இருந்துச்சு?"

"பதிவேட்டுல எங்கத்தா இருந்துச்சு? கட்டம் காலியாக் கெடந்துச்சு. காலியா விட்டா நாளைக்கு எவனாச்சும் எதையாச்சும் எழுதிச் சேத்துருவான். அதான் சைபர் போட்டு அடைச்சேன். எந்த ஆபீஸ்ல கட்டத்தைக் காலியா விட்டாக? இதுகூடத் தெரியாமயா இம்புட்டுப் படிச்ச?"

கோபமே வரவில்லை. பரீட்சைத் தாளில் மிச்சப் பக்கங்களைக் குறுக்கே அடித்துவிட்டுக் கொடுத்த பழக்கம்தானே எனக்கும். பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். மற்றச் சரிவுகளில் பழைய காட்டின் அடையாளமான வீரை மரம் இல்லாத இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. வடக்குச் சரிவில் வெறும் கட்டங்கள்.

பதிவேட்டை எழுதிய வனக்காவலர் அண்ணன் இன்னும் பணியில்தான் இருந்தார். போன் செய்தேன்.

"வடக்குப் பக்கம் ஏன்ணே எழுதல?"

"போனாத்தான பாப்பா எழுத? மேல பாறையில மலைத்தேனீ. கொட்டுன கொட்டுல மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தேன். அப்புறம் அந்தப் பக்கம் எவன் போவான்?"

ஆக, யாருமே பார்க்காத ஒரு சரிவை இல்லாமல் ஆக்கியிருந்தோம். காலியைக் காலியாகவே விட்டு மாதிரியை மறுபடி ஓட்டினேன். மற்றச் சரிவுகளில் வீரை மரங்கள் எப்படிப்பட்ட இடத்தில் நிற்கின்றனவோ அதை வைத்து, வடக்கே பாறை இடுக்குகளில் அது கரும்பச்சை காட்டியது. வீரை நின்றால் பழைய காடு உயிரோடு இருக்கிறது.

எங்கள் சார் ஒப்பவில்லை. "வேண்டாத சைபரைத் தூக்குனா படம் பச்சையாத்தாம்மா வரும். மரத்தைக் காட்டு."

பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இருக்கும்' அல்லது 'இருக்காது' என்று எழுதி, கிளம்பும் முன்பே அவர் கையில் கொடுத்தேன். வியாழன் காலை சார், காவலர் அண்ணன், நான் என்று மூன்று பேரும் குன்றில் ஏறினோம். தேனீக்கள் இருந்த பாறையைச் சுற்றிக்கொண்டு காவலர் அண்ணன் கூட்டிப்போனார்.

முதல் இடத்தில் சீமைக்கருவேலம். முள் சாரின் ஷூவைத் துளைத்துக்கொண்டு போனது.

"இதைக் காட்டவா கூட்டியாந்த?"

"லிஸ்ட்டைப் பாருங்க சார்."

எடுத்துப் பார்த்தார். 'இருக்காது' என்று இருந்தது. இரண்டாவது, மூன்றாவதும் அப்படியே. நான்காவதுக்கு 'இருக்கும்'. ஒரு பாறையைச் சுற்றித் திரும்பினோம், வெயில் சட்டென்று நின்றது. தலைக்கு மேலே கரும்பச்சை இலைகள், ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்கள். நான் முதலில் குனிந்து தரையைப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு வீரைக் கன்றுகள். பெரிய மரம் மட்டும் நின்றால் காடு முடிந்துகொண்டிருக்கிறது என்றும் சொல்லலாம். கன்று இருந்தால் நிலை 'நன்று'.

"ஒரு தேனீக்குப் பயந்து இம்புட்டையும் பாக்காம இருந்துட்டேனே," என்றார் காவலர்.

"ஒரு தேனீயாய்யா?" என்றார் சார்.

"கொட்டு வாங்குனது நானு சார். எண்ணவா முடியும்?"

பன்னிரண்டில் பதினொன்று சரி. கடைசி இடத்தில் மரம் இருக்கும் என்று எழுதியிருந்தேன், மொட்டைப் பாறைதான் இருந்தது. "அதையும் மறைக்காம எழுதிரு. அப்பத்தான் மத்த பதினொண்ணையும் நம்புவாக," என்றார் சார். பிறகு அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து, பரிந்துரைத் தாளை மடியில் வைத்து, 'நீக்கலாம்' என்ற பத்தியை மேலிருந்து கீழாக அடித்தார். பக்கத்தில் 'பாதுகாப்பு தொடர வேண்டும், நிலை நன்று' என்று எழுதி என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

இறங்கி வந்து வாடிப்பட்டியில் பரோட்டா சாப்பிட்டோம். நான் நாலு.