தெருக் குழாயில் துவைத்த புடவை

வேதகிரி பொண்டாட்டியை அடித்துவிட்டான் என்று தெருவே முடிவு கட்டியதற்குக் காரணம் இவ்வளவுதான்: விடியற்காலையில் அவன் குழாயடியில் குந்திக்கொண்டு அவள் புடவையைத் துவைத்தான். புடவையில் ரத்தம் இருந்தது. ஆம்பிளை ஒருத்தன் பொம்பளை புடவையைத் தொட்டுத் துவைக்கிறான் என்றால் எதையோ மறைக்கிறான் என்றுதான் அர்த்தமாம். வேறு அர்த்தமே இருக்கக் கூடாதாம். நன்றாக இருக்கிறது நியாயம்.

நடந்தது என்ன? செவ்வந்திக்குக் கடைவாயின் கோடியில் முளைத்த பல், நேராக வர வழியில்லாமல் பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்து படுத்துக்கொண்டது. அவளுக்கு ரைஸ் மில் களத்தில் நெல் காயவைக்கிற வேலை. கொதிக்கிற களத்தில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே போகிறவள், பாதியில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கிராம்பு வைத்துப் பார்த்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அதே மில்லில் மூட்டை தூக்குகிற வேதகிரிதான் லீவு சொல்லிவிட்டு அவளைக் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனான்.

பல் டாக்டர் அம்மா படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "தாடை எலும்புல பழைய விரிசல் ஒண்ணு தெரியுதே. எங்கேயாவது விழுந்தீங்களாம்மா?"

"மாட்டு வண்டியிலருந்து வியுந்துட்டேன்."

கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்கிலேயே தங்கிப்போன பதில். வேதகிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பிறந்த வீட்டிலும் சரி, வாழ்ந்த வீட்டிலும் சரி, மாட்டு வண்டி ஏது?

ஆடுகிற பல்லை நூல் கட்டி இழுத்தாற்போல வரவில்லை அது. ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் ராவி, பல்லை உடைத்துத் துண்டு துண்டாக எடுத்துத் தையல் போட்டார்கள். "பேசாதீங்க, துப்பாதீங்க. பள்ளத்துல ரத்தம் உறைஞ்சு மூடியிருக்கும். அது பிஞ்சு வந்துச்சுன்னா அப்புறம் வலி தாங்க முடியாது" என்று டாக்டர் அம்மா சொல்லி அனுப்பினாள். துப்பக் கூடாதே! தூக்கத்தில் எச்சிலும் ரத்தமும் வழிந்து முந்தானை முழுக்க ஊறிவிட்டது. அதைத்தான் அந்த மனுஷன் துவைத்தான்.

காலையில் செவ்வந்தியின் கன்னம் கண்ணை மூடுகிற அளவுக்கு வீங்கி, தோல் நீலம் பாரித்துக் கிடந்தது. வாய் ஒரு விரல் நுழையத் திறக்கவில்லை.

மகளிர் குழுத் தலைவி பிரிஸ்கில்லா வந்து வாசலில் நின்றாள். பின்னால் தெருப் பொம்பளைகள். முன்வரிசையில் எதிர்வீட்டுச் சிட்டம்மாள்.

"செவ்வந்தி, வெளிய வா. பயப்படாத, நாங்க கீறோம்."

செவ்வந்தி வெளியே வந்ததும் எல்லாரும் அந்தக் கன்னத்தைப் பார்த்தார்கள். அப்புறம் வேதகிரியைப் பார்த்தார்கள்.

"பல்லு புடுங்குனாங்கக்கா" என்றான் அவன்.

"யாரு, நீயா?" என்றாள் பிரிஸ்கில்லா.

ஓடிப்போய் மாத்திரை அட்டையை எடுத்து வந்து காட்டினான்.

"அடிச்சிட்டு மாத்திரையும் வாங்கியாந்தியா? ரொம்ப நல்லவன்டா நைனா நீ."

சிட்டம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நானும் பல்லு புடுங்கிக்கீறேன். புடுங்கின கையோட வூட்டுக்கு வந்து கொயம்பு வெச்சேன். கண்ணு வரைக்கும் வீங்கற பல்லு எந்த ஊர்ல கீது? எங்க, வாயத் தொற, பாக்கலாம்."

செவ்வந்தி தொறக்க முடியாது என்று கையை ஆட்டினாள்.

"பாத்தியா? வாயே தொறக்காத மாதிரி மெரட்டி வெச்சிருக்கான்."

பிரிஸ்கில்லா அவனிடம் திரும்பினாள். "திருமுக்கூடல்லருந்து வந்து பொம்பள வூட்ல குந்திக்கினு, அவ மேலயே கை நீட்டுவியா? முன்ன மாதிரி இல்ல காலம். துணிமணி எடுத்துக்கினு கெளம்பு. இல்ல, ஸ்டேஷனுக்கு இப்பவே போன் போடுவேன்."

வேதகிரி எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னானா? இல்லை. போ என்றால் போகிறவன் அவன். சின்ன வயதிலிருந்து களத்திலும் மில்லிலும் அவனை அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்க் கொடியிலிருந்து லுங்கியை உருவிக் கட்டைப்பையில் திணித்தான்.

செவ்வந்தி சிட்டம்மாளையே பார்த்தாள். அவளுடைய முதல் புருஷன் ஜெகன், இதே தெருவில், பட்டப்பகலில், இதே தாடையில் உதைத்தான். வாயைப் பொத்திக்கொண்டு அவள் ஓடியது எதிர்வீட்டுக்குத்தான். "புருசன் பொண்டாட்டி சமாச்சாரம், நாங்க இன்னா பண்ண முடியும்" என்று சொல்லிச் சிட்டம்மாள் கதவைச் சாத்தினாள். துணியால் தாடையைக் கட்டிக்கொண்டு கஞ்சித் தண்ணீரில் உயிர் வைத்திருந்தாள் செவ்வந்தி. ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போனது? ஜெகன் குடித்தே போய்ச் சேர்ந்த பிறகும் அவள் வாய் மூடியே கிடந்தது. வேதகிரி வந்த பிறகுதான் பேசப் பழகினாள். அவள் பேசுவாள், அவன் ம் கொட்டுவான். அந்த ம் சத்தம்தான் இப்போது கட்டைப்பையோடு வாசல்படி இறங்குகிறது.

பையைப் பிடுங்கித் தரையில் போட்டாள். உறைந்த ரத்தமாவது, தையலாவது. இரண்டு விரலைப் பல்லுக்கு நடுவில் கொடுத்து வாயை நெம்பினாள்.

"சிட்டம்மாக்கா. ஜெகன் இந்தத் தாடைய ஒடச்சப்போ நீ கதவ சாத்தின."

ரத்தம் மோவாயில் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"ஒதச்சவன் கூட இருந்தப்போ ஒருத்தரும் வர்ல. பொடவ தொவச்சவன தொரத்த எல்லாரும் வந்துட்டீங்களா?"

பிரிஸ்கில்லா இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது பிற்பாடு; அவளுக்கு இதெல்லாம் தெரியாது. "நெசமாக்கா?" என்று சிட்டம்மாளைக் கேட்டாள்.

"அப்பல்லாம் யாரு கேட்டாங்க" என்றாள் சிட்டம்மாள், கீழே பார்த்துக்கொண்டு.

பிரிஸ்கில்லா குனிந்து பையை எடுத்து வேதகிரி கையில் கொடுத்து, "உள்ள வெய்ண்ணே" என்றாள்.

டாக்டர் அம்மா சொன்னது பலித்தது. பள்ளத்தை மூடியிருந்த ரத்தம் பிய்ந்துகொண்டு, காதிலிருந்து உச்சந்தலை வரைக்கும் ஆணி அடித்தாற்போல வலி. மறுபடி பஸ், மறுபடி காஞ்சிபுரம். பள்ளத்தில் கிராம்பு நெடி அடிக்கிற மருந்துத் துணியை வைத்துக்கொண்டே டாக்டர் அம்மா திட்டினாள்: "பேசாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே, அப்படி என்ன பேசணும்?"

"பேச வேண்டியது இருந்திச்சி டாக்டரம்மா" என்றான் வேதகிரி.

செவ்வந்தி டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அந்த விரிசலு மாட்டு வண்டி இல்லம்மா. மொத புருசன் ஒதச்சது."

வீக்கம் மெல்ல வடிந்தது. சிட்டம்மாள் கேழ்வரகுக் கூழைக் கட்டியில்லாமல் கரைத்து, மோர் விட்டு, தினமும் கொண்டுவந்து வைத்தாள். செவ்வந்தி குடித்தாள், பசிக்கு என்ன கோபம்? ஆனால் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நல்லா இருந்தது என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

சோறு மெல்லுகிற அளவுக்கு வாய் திறந்ததும், தெருக் குழாயில் தண்ணீர் விடுகிற நேரமாகப் பார்த்து, பொம்பளைகள் எல்லாரும் குடத்தோடு நிற்கும்போது, புடவையைப் பக்கெட்டில் போட்டு வேதகிரியை அழைத்துக்கொண்டு போனாள். சோப்பை அவன் கையில் வைத்தாள்.

"தொவ."

அவன் நெளிந்தான். "இதுல ரத்தம் ஒண்ணும் இல்லியே."

"ரத்தம் இருந்தாதான் என் பொடவயத் தொடுவியா? தொவ."

அவன் குந்திக்கொண்டு நுரை வரத் தேய்க்க ஆரம்பித்தான். அவள் பக்கத்தில் நின்று, மில்லில் நடந்தது, பஸ்ஸில் நடந்தது எல்லாவற்றையும் தெருக்கோடி வரைக்கும் கேட்கிறாற்போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் ம் கொட்டினான்.