பலிக்காத வேண்டுதலுக்கு ஒரு மொட்டை

வேண்டுதல் பலித்து மொட்டை போட்டவர்களை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். பலிக்காத வேண்டுதலுக்குத் தலையை நீட்டப் போன புண்ணியவான் நம்ம மாதப்பன் ஒருத்தன்தான்.

மாதேஸ்வரன் மலைப்பக்கத்து மார்டள்ளி ஊர்க்காரன். மைசூருக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. விஜயநகரில் வாடகை வீடு. பீரங்கிக் குண்டுக்கு உறை கடைகிற தொழிற்சாலையில் லேத் வேலை, அதுவும் இன்னும் கான்ட்ராக்ட்தான். "அடுத்த வருஷம் பர்மனென்ட்" என்று சொல்லிச் சொல்லியே அவனை நரைக்க வைத்துவிட்டார்கள், பாவிகள். இந்தத் தடவை மேனேஜரே கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு வல்லரசுகள் நடுக்கடலில் போர்க்கப்பல்களை நிறுத்தி முறைத்துக்கொண்டிருக்கின்றன. பேச்சுவார்த்தை முறிந்தால் பெரிய வெளிநாட்டு ஆர்டர் வரும். வந்தால் உன் வேலை நிரந்தரம்.

பாழாய்ப்போன ஆசை யாரை விட்டது? வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து, மாதேஸ்வரன் படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் காசு முடிந்தான். "பேச்சு முறிஞ்சு போகட்டும் சாமி. உன் மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கறேன்."

சாமி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்பதாம் நாள் பேச்சு கூடிவந்தது, கப்பல்கள் திரும்பின, ஆர்டரும் போயே போச்சு. ஊரே நிம்மதியாக மூச்சு விட்டபோது இவன் மட்டும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுச் சித்தம்மா அழுதுகொண்டே வந்தாள். அவள் மகன் சந்துரு சரக்குக் கப்பலில் சமையல்காரன். அந்தக் கடலில்தான் மாட்டிக்கொண்டிருந்தான். "தம்பி, எம் பையனுக்காகக் காசு முடிஞ்சு வெச்சீங்களாமே! ராணி சொன்னா." மாதப்பன் மனைவி ராணி முடிச்சை மட்டும்தான் பார்த்திருந்தாள், எதற்கென்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். சின்ன வயசில் மாதப்பன் தோளில் உட்கார்ந்து தசரா யானை பார்த்த பிள்ளை சந்துரு. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று உள்ளுக்குள் குமைந்தான். குமைந்தானே தவிர, வாயைத் திறக்கவில்லை.

வேண்டுதல் பலித்துவிட்டதே என்று சித்தம்மா அவசரப்படுத்த, ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மொட்டை போட மூவரும் மலைக்குப் போனார்கள். பஸ்ஸில் சித்தம்மா அவனுக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தாள். இட்லியை ஊட்டிவிடாத குறைதான். மலையில் நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்ததும், அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டான்.

"அக்கா, நான் சந்துருவுக்காக வேண்டலை. சண்டை வரணும்னு வேண்டிக்கிட்டேன். என் வேலைக்காக."

சித்தம்மா அவன் கழற்றிக் கொடுத்த சட்டையோடு அப்படியே நின்றாள். "அப்போ எம் பையன் சாகட்டும்னு நெனச்சீங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்லைக்கா! அன்னைக்கு அவன் ஞாபகமே எனக்கு வரலை."

"சாகட்டும்னு நெனச்சிருந்தாக்கூட அவன் மொகம் ஒரு தடவை வந்து நின்னிருக்கும். அதுகூட வரலையா தம்பி?"

சட்டையை ராணியிடம் கொடுத்துவிட்டு அவள் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.