வெள்ளையப்பனுக்கு வந்த தபால்

கொட்டச்சேட்டு மாதம்மாள் ஆரஞ்சுக் கூடையோடு ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் வந்து இறங்கினால், பேரம் பேச வியாபாரிகளே யோசிப்பார்கள். அப்பேர்ப்பட்ட வாய்க்காரிக்கும் வராத சொல் ஒன்று உண்டு. கட்டியவன் பெயரை மட்டும் அவள் சொல்ல மாட்டாள். அவள் ஊரில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விழா. ஏரிக்கரையில் பந்தல் போட்டிருந்த சோப்புக் கம்பெனிக்காரர்கள், வீட்டுக்காரர் பெயரும் ஊரும் சொன்னால் சோப்பு இலவசம் என்றார்கள். மாதம்மாளின் முறை வந்தபோது, அவளுக்காகப் பெயரைச் சொல்ல, தெரிந்த முகம் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. பின்னால் நின்றவர்கள் நெட்டித் தள்ளினார்கள். சட்டென்று உழவு மாட்டின் பெயரைச் சொல்லி, சோப்பை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். அதோடு மறந்தும் போனாள்.

ஆடி பிறந்ததும் ‘திருவாளர் வெள்ளையப்பன், கொட்டச்சேடு’ என்று தபால் வரத் தொடங்கியது. ஒருவன் கோட்டு தைக்கக் கூப்பிட்டான். இன்னொருவன் வழுக்கைக்கு எண்ணெய் இருக்கிறது என்றான். கொட்டச்சேட்டுத் தபால்களை ஒண்டிக்கடை மரியஜோசப்பின் டீக்கடையில்தான் கொடுத்துவைப்பார்கள். வெள்ளையப்பன் யார் என்று மரியஜோசப் சொல்லப்போக, கடையே விழுந்து விழுந்து சிரித்தது. மாதம்மாளின் புருஷன் அங்கப்பனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மாட்டின் பெயர் கடைத்தெருவில் வேறு யாருக்குத் தெரியும், இது மரியஜோசப்பின் குசும்புதான் என்று முடிவுகட்டி, சின்ன வயசுச் சிநேகிதத்தை முறித்துக்கொண்டான். வீட்டில் தனியாக உட்கார்ந்து கடுங்காப்பி குடிக்கும் புருஷனைப் பார்க்க மாதம்மாளுக்குப் பாவமாக இருந்தது. சோப்புக்கும் தபாலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவள் கண்டாளா?

ஐப்பசியில் பேப்பரில் செய்தி வந்தது. அந்தச் சோப்புக் கம்பெனி, விழாவில் வாங்கிய பெயர் விலாசங்களை எல்லாம் வேறு கம்பெனிகளுக்கு விற்றுவிட்டதாம். மரியஜோசப் உரக்கப் படிக்க, டீக்கடை கொந்தளித்தது. தபால் வாங்கி அலுத்திருந்த லாட்ஜ் செல்வராஜ், கேஸ் போடாமல் விடுவதில்லை என்றார். தனக்கு ஒரு தபால்கூட வரவில்லையே, தன் பெயர் அவ்வளவு மட்டமா என்று மளிகைக்கடை மாரியப்பன் பொருமினார்.

கூடையோடு நின்று கேட்ட மாதம்மாளுக்கு, மாட்டின் பெயரைச் சொல்லி வாங்கிய சோப்பு ஞாபகம் வந்தது. சொன்னால் ஊரே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று, பஸ்ஸுக்குக் காத்திருந்த அங்கப்பனைக் கையோடு இழுத்துவந்து, எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள்.

“எம்பேரைச் சொல்லியிருந்தா இத்தனை வம்பு இல்லீல்ல?” என்றான் அங்கப்பன்.

“அதெப்படீங்க என் வாயால சொல்றது?”

மரியஜோசப்பிடம் மன்னிப்புக் கேட்க அங்கப்பனுக்கு வாய் வரவில்லை. பெஞ்சில் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தான். கேட்காமலே டீ வந்தது. ஒரு மடக்கு உள்ளே போனதும் தெம்பு வந்துவிட்டது.

“ஏனுங்க செல்வராஜண்ணா, உங்க பேரையெல்லாம் நொம்ப சல்லிசா வித்துப்போட்டாங்க. எம்பேரு எங்கூட்டுக்காரி வாய்க்குள்ள பத்திரமா இருக்குதுங்க” என்றான்.