ஷிராடி இறக்கத்தில் ரோஸி

ரோஸிக்குப் பயம் இல்லாத வண்டி என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. ஷேர் ஆட்டோவில் பல்லாவரம் போய் இறங்குவதற்குள் கம்பியைப் பிடித்த உள்ளங்கை சிவந்துவிடும். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர் அனகாபுத்தூர் சந்துக்குள் புகுந்தபோது மொட்டை மாடியில் இரண்டு நாள் கம்மென்று இருந்தவள், மீட்புப் படகு வந்த பிறகுதான் அழவே ஆரம்பித்தாள். "தண்ணி வந்தா வரட்டும், இந்தப் படகுல நான் ஏற மாட்டேன்" என்று அவள் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டதைத் தெரு இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் வேன் டிரைவர்!

அந்தோணிசாமி இருபத்தாறு வருஷம் ஐடி கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கியவர். தாம்பரம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி. திரும்பவும் சிறுசேரி, சோழிங்கநல்லூர், மேடவாக்கம், தாம்பரம். மேஜை மாதிரி தட்டையான ரோடு. வண்டியில் ஒரு கீறல் கிடையாது, அவர் மேல் ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது. ஒரே ஒரு வித்தை காட்டுவார். மேம்பாலத்து இறக்கம் வந்தால் போதும், கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு வண்டியைச் சும்மா உருட்டுவார். "டீசல் மிச்சம், இன்ஜினுக்கும் ரெஸ்ட்டு" என்பார். அந்தத் தட்டை ரோட்டில் அது ஒரு தப்பாகவே யாருக்கும் தெரியவில்லை.

போன வருஷம் கான்ட்ராக்டர் அந்தப் பழைய வேனைக் கழித்துக்கட்டியபோது அவரே வாங்கிக்கொண்டார். சீட்டுகளைக் கழற்றினார். பிளைவுட்டில் இரண்டு கட்டில் அடித்தார். ஒரு அலமாரி, கேஸ் அடுப்பு, கூரை மேல் இருநூறு லிட்டர் தண்ணீர் டேங்க். ஆர்டிஓ ஆபீசுக்கு நடையாய் நடந்து பேப்பரெல்லாம் சரி பண்ணினார். மூன்று வாரம், பாதி இந்தியா! ஓசூரில் தம்பி ஜீவானந்தம் வீடு, பெங்களூர், பேலூர், மங்களூர், கோவாவில் சவேரியார் கோயில், அப்படியே புனே, ஹைதராபாத், விஜயவாடா, வீடு. காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டார்.

ரோஸியின் கண்ணில் அதில் ஒரே ஒரு ஊர்தான் பட்டது. மங்களூர். அங்கேதான் அவள் அக்கா கிருபா இருக்கிறாள். பார்த்துப் பதினொரு வருஷம். அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, வாசல்படி இறங்க முடியாது. வீடியோ காலில் நெற்றியும் சீலிங் ஃபேனும்தான் தெரியும். அக்காவை நேரில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, ரோஸியின் பயத்தைவிட ஒரு விரக்கடை உயரமாக வளர்ந்திருந்தது.

"நானும் வரேன்" என்றாள்.

அந்தோணிசாமி சாப்பிடுவதை நிறுத்தினார். "நீயா?"

"இன்னா, நான் வரக் கூடாதா?"

"வா. ஆனா ஒரு கண்டிஷன். வண்டில குந்திகினு 'மெதுவா', 'பாத்து', 'நிறுத்து'ன்னு ஒரு வார்த்த வாயத் தொறந்தேன்னு வெச்சுக்க, அங்கயே வண்டியத் திருப்பி வூட்டாண்ட கொண்டாந்து நிறுத்திருவேன். மங்களூரும் கிடையாது, கோவாவும் கிடையாது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேளாங்கண்ணி போகும்போது செங்கல்பட்டு தாண்டி ஒரு மாட்டைப் பார்த்து ரோஸி போட்ட கூச்சலில் அவர் சடாரென்று பிரேக் அடித்து, பின்னால் வந்த பைக்காரன் வண்டியோடு வந்து ஒட்டிக்கொண்டான். நல்லவேளை, அடி இல்லை. அதற்கப்புறம் அவர் வண்டியில் அவளை ஏற்றியதே இல்லை.

"சரி" என்றாள் ரோஸி.

"மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். குரோம்பேட்டையில் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கும் மகள் சினேகா, அதைப் போனில் வீடியோ வேறு எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஜனவரி மாதம் கிளம்பினார்கள். அக்காவுக்கென்று ரோஸி இரண்டு மூட்டை பொன்னி அரிசி ஏற்றினாள், ஐம்பது கிலோ. "அங்க செவப்பு அரிசி தான் கெடைக்குமாம், பாவம் அவ." அதோடு ஒரு வெட் கிரைண்டர். வேன் கொஞ்சம் பின்பக்கம் தாழ்ந்தே தாம்பரத்தைத் தாண்டியது.

முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ரோஸி வாயில் கைக்குட்டையை வைத்துக் கடித்துக்கொண்டாள். லாரி உரசுவதுபோல் வந்தால் கண்ணை மூடுவாள். வலது கால் தானாகவே தரையை அழுத்தும். ஜெபமாலை மணி ஒவ்வொன்றாக நகரும். கிருஷ்ணகிரி வருவதற்குள் எத்தனை சுற்று முடிந்ததோ!

"ம்மா, மூச்சாவது விடும்மா" என்றாள் சினேகா பின்கட்டிலில் இருந்து. "அது கண்டிஷன்ல இல்ல."

ஓசூரில் ஜீவானந்தம் வீட்டு வாசலிலேயே வேனை நிறுத்திப் படுத்தார்கள். "அண்ணி, வூட்டோட வந்துட்டீங்களே! உள்ள வாங்க, எங்க வூட்லயும் கட்டில் கீது" என்று அவன் கலாய்த்தான். பெங்களூரில் லால்பாக் பார்த்தார்கள். சரவணபெலகோலாவில் அறுநூற்றுச் சொச்சம் படியை ரோஸி எல்லோருக்கும் முன்னால் ஏறினாள். படிக்கட்டு ஓடாது பாருங்கள், அந்த நிம்மதி! பேலூரில் கல் பொம்மைகளின் வளையல்களைப் பார்த்துக்கொண்டே நின்றவளை இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை அவள், ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தோணிசாமிக்கே ஆச்சரியம்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு சக்லேஷ்பூர் தாண்டினார்கள். கிருபா போன் பண்ணிவிட்டாள்: "வஞ்சிரம் வாங்கி வெச்சுகீறேன், மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துருவீங்கல்ல?" ரோஸிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு மலை இறக்கம். ஷிராடி.

ரோடு கீழ்நோக்கிச் சாய்ந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் மரங்களின் உச்சி. மரத்தின் உச்சி ஜன்னல் உயரத்தில் தெரிகிறது என்றால் அதன் வேர் எங்கே இருக்கிறது? ரோஸி அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டாள்.

அப்போதுதான் இன்ஜின் சத்தம் காணாமல்போனது. இருபத்தாறு வருஷப் பழக்கம், கை தானாகப் போய் கியரை நியூட்ரலுக்குத் தள்ளியிருந்தது. காற்றின் சத்தமும் டயரின் சத்தமும் மட்டும். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. வளைவு வந்தால் பிரேக், மறுபடி உருளல். மறுபடி வளைவு, பிரேக். பின்னால் தண்ணீர் டேங்க், கட்டில், அரிசி மூட்டை, கிரைண்டர் எல்லாம் சேர்ந்து முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது.

ஒரு வாடை வந்தது. பழைய சைக்கிள் டியூபைக் கொளுத்தினால் வருமே, அது. பம்மல் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் ரோஸி. எந்தப் பாத்திரம் அடிப்பிடிக்கிறது என்று வாசலிலிருந்தே சொல்லிவிடுவாள். இது அடுப்பு வாடை இல்லை. ஆனால் வேறு எதைக் கேட்க முடியும்?

"சினேகா, கேஸ் மூடினியா பாரு."

"மூடியாச்சும்மா."

இரண்டு வளைவு போனது. வாடை கூடியது.

"சினேகா, இன்னொரு தபா பாரு."

"ம்மா, சிலிண்டரே மூடிக் கீது. பேஜார் பண்ணாத."

ரோஸி கணவரின் காலைப் பார்த்தாள். முதலில் பிரேக்கை ஒரு முறை அழுத்தியவர் இப்போது இரண்டு முறை அழுத்துகிறார். அடுத்த வளைவில் மூன்று முறை. முகத்தைப் பார்த்தாள். காது ஓரத்தில் வியர்வை. ஜனவரி மலைக் குளிரில்!

வாயைத் திறந்தால் அக்கா இல்லை. வாயைத் திறக்காவிட்டால்? மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனது. கடித்திருந்த கைக்குட்டை நனைந்து உப்புக் கரித்தது. பின்னால் சினேகா எதற்கோ போனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் விழுந்த நொடியில் ரோஸிக்கு சத்தியமும் மறந்தது, கண்டிஷனும் மறந்தது.

"யோவ், நிறுத்துயா!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நிக்க மாட்டேங்குது ரோஸி" என்றார். குழந்தை சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். கால் தரையைத் தொட்டுவிட்டது, பெடலில் ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அரை நிமிஷம் இருக்குமா? அவர் கிளட்சை மிதித்து மூன்றாவது கியரைக் குத்தினார், இன்ஜின் அலறியது. அலமாரிக் கதவு திறந்து தட்டுகள் கொட்டின. "அப்பா!" என்று சினேகா கத்தினாள். "ரோஸி, அந்த ஹேண்ட் பிரேக்க இழு, ஒரேடியா இழுக்காத, கொஞ்ச கொஞ்சமா!" இரண்டு கையாலும் இழுத்தாள் ரோஸி. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. இரண்டாவது கியர். வண்டி உதறியது. இடது பக்கம், பாறைக்கு முன்னால், ரோடு போட்டவர்கள் குவித்து வைத்த மண்மேடு ஒன்று தெரிந்தது. அவர் வண்டியை அதில் ஏற்றினார். மண், சரளை, தடதடவென்று சத்தம், அப்புறம் எதுவுமே இல்லை.

உயிரோடு இருந்தார்கள். மூன்று பேரும்.

சினேகா கீழே குதித்தாள். பின் சக்கரங்களிலிருந்து புகை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"ஏனுங் பாப்பா, ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க!" பின்னால் வந்து நின்ற நாமக்கல் லாரியிலிருந்து ஒருவர் கத்திக்கொண்டே இறங்கினார். "சூட்டுல தண்ணி பட்டா பிரேக் டிரம்மு வெடிச்சுப் போயிருமுங்க." வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "நியூட்ரல்லயா வந்தீங்கண்ணா?"

அந்தோணிசாமி தலையை ஆட்டினார்.

"மெட்ராஸ் வண்டிங்களா?"

"ஆமா."

"அதான பாத்தேன்" என்றார் அவர், கிண்டல் இல்லாமல். "ஏறுறதுக்கு எந்தக் கியரோ இறங்கறதுக்கும் அதே கியருங்க. இன்ஜினே புடிச்சுக்கும், பிரேக்கு சும்மா தொட்டுக்க தான். அதையே மிதிச்சுட்டு வந்தா சூடேறிப் புடிக்காமப் போயிருமுங்க. ஒரு மணி நேரம் ஆற விடுங்க. நானும் டீ வெச்சுக் குடிச்சுட்டுதான் கெளம்புவேன்."

அந்தோணிசாமி மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தே தழும்பேறிய கைகள். ரோஸி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கத்துவார் என்றுதான் நினைத்தாள்.

"எனக்கு மலையப் பத்தி ஒண்ணுமே தெரியாது ரோஸி" என்றார். "ஜென்மத்துல மல எறங்குனதில்ல. சக்லேஷ்பூர்ல இருந்தே பயந்துகினுதான் வந்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீ பயந்துருவன்னு."

இருபத்தாறு வருஷம் அந்த மனுஷன் எதற்கும் பயப்படாதவர் என்று நம்பியிருந்தாள் ரோஸி. அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ரோட்டில் போகிறவர் வருகிறவர் பார்த்தால் பார்க்கட்டும்.

"திரும்பிரலாம்" என்றார். "கண்டிஷனுக்காகச் சொல்லல. மேல ஏறதுக்கு பிரேக்கு வேணாம். ஏறிட்டா ஹாசன் டவுனு, அப்பால ப்ளெய்னு. பத்திரமா வூடு போய்ச் சேந்துரலாம். கீழ எறங்க என்னால முடியல."

அவர் சொன்னது உண்மை. வீட்டுக்குப் போகிற ரோடு ஏற்றம், அது பத்திரம். அக்கா வீட்டுக்குப் போகிற ரோடு இறக்கம். ரோஸியின் பயமும் "திரும்பு, திரும்பு" என்றுதான் சொன்னது. போன் அடித்தது. கிருபா.

"எங்கடி வந்துகினு கீறீங்க? கொழம்பு கொதிக்கட்டுமா, எறக்கட்டுமா?"

ரோஸி ரோட்டைப் பார்த்தாள். அது வளைந்து மரங்களுக்கு நடுவே காணாமல்போனது.

"எறக்கி வெய்க்கா. லேட்டாவும். ஆனா வரோம்."

போனை வைத்துவிட்டு அந்தோணிசாமி பக்கம் திரும்பவே இல்லை, நேராக லாரிக்காரரிடம் போனாள். "அண்ணா, நீங்க முன்னால போறீங்களா? நீங்க போற கியருலயே நாங்க பின்னால வரோம்."

"வாங்கக்கா. எனக்கென்ன, நான் நடக்கற வேகத்துலதான் போவேன்."

டேங்க் தண்ணீரை மொத்தமாகத் திறந்துவிட்டார்கள், எடை குறைய. டிரம் ஆறிய பிறகு மண்மேட்டிலேயே பிரேக்கைப் பத்துத் தடவை மிதித்துப் பார்த்தார் அந்தோணிசாமி. பெடல் திரும்பி வந்திருந்தது. அவர் ஏறி உட்கார்ந்தும் சாவியைத் திருப்பவில்லை.

"நீ பேசிகினே வா ரோஸி" என்றார். "இன்னா தோணுதோ எல்லாத்தையும் சொல்லு."

"வளைவு வருது" என்று ஆரம்பித்தாள் ரோஸி. "லாரி பிரேக் லைட்டு எரியுது. பாத்து. மெதுவா. எதுத்தாப்ல பஸ்சு. மெதுவாங்க." பயத்தில் குரல் கீச்சென்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் "சரி" என்றார். வாடை வருகிறதா என்று அவர் கேட்டார், வரவில்லை என்று அவள் சொன்னாள். அடுத்த வளைவிலும் கேட்டார். அதற்கடுத்த வளைவிலும். சினேகா இருவரின் சீட்டையும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் கார்கள் வரிசை கட்டி ஹாரன் அடித்துத் தள்ளின.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து மரங்கள் விலகி, ஒரு பாக்குத் தோப்பும் பெட்டிக்கடையும் வந்தன. ரோடு நேராகிவிட்டது. நாமக்கல் லாரி ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து ஆடியது, லாரி வேகமெடுத்துப் போய்விட்டது. கார்கள் எல்லாம் திட்டிக்கொண்டே முந்திப் போயின.

வேன் மட்டும் இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு ஊர்ந்தது. ஒரு கிலோமீட்டர். இரண்டு கிலோமீட்டர்.

"ப்பா" என்றாள் சினேகா. "மல முடிஞ்சிருச்சுப்பா. சைக்கிள்காரன் ஓவர்டேக் பண்ணிட்டுப் போறான்."

அந்தோணிசாமி ரோஸியைப் பார்த்தார். அவர் கை கியர் மேல்தான் இருந்தது, அடுத்த கியருக்குத் தள்ளவில்லை.

ரோஸி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மங்களூருக்கு இன்னும் எழுபது கிலோமீட்டர் என்று ஒரு பலகை மெதுவாக, மிக மெதுவாகக் கடந்துபோனது.

"இருக்கட்டும்" என்றாள். "இன்னும் கொஞ்ச தூரம் இப்டியே போங்க. நான் சொல்றேன்."