தேங்காயெண்ணெய் குடித்த நெட்வொர்க் கார்டு

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இந்த உப்புக்காத்து ஊரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் பாதிச் சண்டை துருவோடு, மீதிச் சண்டை வீட்டுக்காரரோடு. எல்லாப் படத்தையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டு, அது வாய் திறக்காதபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இது புரியும்.

வாசனை

புரோத்ராபூர் பேட்டையில் இருக்கிற ஸ்டெல்லா கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிற பிள்ளை. படமெல்லாம் படுக்கையறையில் இருக்கிற ஸ்டோரேஜ் சர்வரில். ஒருநாள் காலையில் லேப்டாப்பில் அந்தப் பெட்டியே தெரியவில்லை. பக்கத்துத் தெரு பெங்காலிக்காரரை எல்லாரும் தாதா, அதாவது அண்ணன், என்போம்; அவர் மகளின் கல்யாணப் படம் அதற்குள். கேமரா கார்டை அழித்தாயிற்று. பொண்ணு சாயங்காலம் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் போட் ஏறி, தூரத்துத் தீவில் இருக்கிற ஹட்பேக்குப் புகுந்த வீடு போகிறாள். அங்கே படுத்த படுக்கையாக மாமியார், மகன் கல்யாணத்தைப் படத்திலாவது பார்க்கக் காத்திருக்கிறார். அங்கே நெட் நொண்டும். அடுத்த போட், கடல் மனசு வைத்தால்தான்.

போய்ப் பார்த்தேன். பெட்டியில் ஃபேன் ஓடுது, டிஸ்க் ஓடுது, நெட்வொர்க் விளக்கு மட்டும் செத்துக் கிடக்கு. மூடியைக் கழற்றினதும் குளித்துத் தலைவாரிய வாசனை! நெட்வொர்க் கார்டின் பல்லெல்லாம் தேங்காயெண்ணெய். அதில் தூசி அப்பிக் களியாகி இருந்தது. ஸ்டெல்லா புருஷன் ஜெரோம் போட்டில் வேலை செய்கிற ஆள். கொண்டி, பூட்டு, சைக்கிள் எதையும் எண்ணெய் போடாமல் விடமாட்டார். மெதுவாகச் சொன்னார்: "எண்ணெ போட்டா துரு பிடிக்காதுல்லா அண்ணாச்சி?"

மறுபடி செத்தது

கார்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பழைய ஸ்லாட்டிலும் எண்ணெய் இறங்கியிருந்ததால் பக்கத்து ஸ்லாட்டில் சொருகினேன். விளக்கு எரிந்தது. ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் லேப்டாப்பில் பெட்டி இன்னும் வரவில்லை. ஜெரோம் பெட்டியைத் திட்ட ஆரம்பித்தார்.

பெட்டியில் என் சின்ன மானிட்டரை மாட்டிப் பார்த்தால் விஷயம் சின்னது. ஸ்லாட் மாறினதால் பெட்டி அதே கார்டைப் புது கார்டு என்று எண்ணி வேறு பேர் வைத்துவிட்டது; நாம் கொடுத்த நெட்வொர்க் அட்ரஸ் பழைய பேரிலேயே நிற்கிறது. அட்ரஸைப் புதுப் பேருக்கு மாற்றினேன். படங்கள் வரிசையாக வந்தன. ஸ்டெல்லா ஜெரோமைத் திரும்பிப் பார்த்தாள்: "வீடு மாறுனா எனக்கே கரன்ட் ஆபீஸ்ல அட்ரஸ் மாத்த நாலு நடை. பெட்டிய மட்டும் திட்டுனியளே!"

நத்தை

லேப்டாப் வழியாக, பொண்ணுக்குக் கொடுக்கிற ஹார்ட் டிஸ்கில் காப்பி போட்டால் நத்தையாக நகருது. போட் போன பிறகுதான் முடியும் போல. விளக்கு பச்சைக்குப் பதில் மஞ்சள். ஹாலில் இருக்கிற ரூட்டருக்குப் போகிற வயரைத் தடவிக்கொண்டே போனேன். துருப்பிடித்த ஆணி ஒன்று அதைக் கடித்து வைத்திருந்தது. என் பையில் அவ்வளவு நீள வயர் இல்லை, கடைக்குப் போய்வர நேரமும் இல்லை.

தாதா போனில் கூப்பிட்டார்: "ஹோ கயா க்யா?" ஆச்சா என்று கேட்கிறார். நானும் ஜெரோமும் வேறு வயர் கிடைக்குமா என்று வீட்டைக் கிளறினோம். ஸ்டெல்லா பெட்டியை அணைத்தாள், பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஹாலுக்குத் தூக்கிவந்து ரூட்டர் பக்கத்தில் வைத்தாள், ரூட்டரிலிருந்து ஹால் டிவிக்குப் போகிற நெட் வயரைப் பிடுங்கி இதில் சொருகினாள். பச்சை! காப்பி பாய்ந்தது. "வயரையே பெட்டிக்கிட்ட கொண்டுபோகணும்னு ஏன் நிக்கிய அண்ணாச்சி? பெட்டி வயர்கிட்ட வராதா?"

பூட்டு

ஜெரோம் டிஸ்கோடு ஸ்கூட்டரில் பறந்தார். படகுத்துறையிலிருந்து தாதா கூப்பிட்டார். போட் கயிறு அவிழ்க்கும் முன் டிஸ்க் பொண்ணு கையில். அழுகையும் சிரிப்புமாக ஒரே வார்த்தை: "பச் கயா!" தப்பித்தோம் என்று. அப்புறம்தான் ஸ்டெல்லா கொடுத்த டீயைக் குடித்தேன்.

ஜெரோம் திரும்பி வருவதற்குள் அவள் பெட்டியை ஹால் ஓரத்துக் கம்பிவலை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கேமரா பைக்குள் போட்டுக்கொண்டு, அவர் வாசலில் கால் வைத்ததும் எண்ணெய் பாட்டிலைக் கையில் கொடுத்து, அந்தப் பூட்டைக் காட்டினாள்.