டார்பெல் மூக்கு

பெயர் விஷயத்தில் மார்லிஸ் டார்பெல்லிடம் யாரும் வாலாட்ட முடியாது. வெர்மான்ட் மலையில் எங்கள் சின்ன ஊரின் பதிவேடுகள் முப்பத்தொரு வருஷமாக அவள் கையில். அத்தாட்சி இல்லாமல் ஒரு எழுத்தைக்கூட மாற்றித் தரமாட்டாள்; அழுதாலும் சரி, கத்தினாலும் சரி. கல்யாணத்துக்குப் பிறகும் புருஷன் கோர்டனின் பெயரைச் சேர்த்துக்கொள்ளாதவள். டார்பெல் என்றால் அவளுக்கு அவ்வளவு பெருமை.

அந்தக் குடும்பத்தில் குழந்தை பிறந்தால் முதலில் மூக்கைத்தான் பார்ப்பார்கள். நடுவில் மேடு தட்டிய டார்பெல் மூக்கு. இந்த வருஷக் குடும்பக் கூடலுக்கு நூற்றுப்பத்துப் பேர். எல்லோருக்கும் 'டார்பெல் ரத்தம்' என்று அச்சடித்த பச்சைச் சட்டை. சனிக்கிழமை, 1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போரிலிருந்து உயிரோடு திரும்பிய கொள்ளுத் தாத்தா ஓரினுக்குப் புதுக் கல்லறைக் கல். பேசப்போவது மார்லிஸ். பேச்சுக்கு இரண்டு நல்ல வரி கிடைக்குமே என்று அவருடைய ராணுவ ஓய்வூதியக் கோப்பின் நகலை வரவழைத்திருந்தாள். வியாழக்கிழமை வந்து சேர்ந்தது.

இரண்டாம் பக்கத்திலேயே கணக்கு இடித்தது. படையில் சேர்ந்த ஓரினுக்கு நீலக் கண், ஆறடி உயரம். 1883இல் ஓய்வூதியம் கேட்ட ஓரினுக்குப் பழுப்புக் கண், ஐந்தரை அடி. எந்த ஊரில் ஐயா மனிதன் வளர வளரக் குட்டையாவான்? அப்போதே விசாரிக்க ஓர் அதிகாரி வந்திருக்கிறார்.

"கோர்டன்! சீக்கிரம் வா!"

"என்னடி, வீடு பத்திக்கிச்சா?"

"இதைப் படி. எனக்குக் கண்ணே தெரியல."

அந்தப் பழுப்புக் கண் மனிதன் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் கோர்டன் உரக்கப் படித்தான்.

"நான் ஓரின் இல்லைங்க. ஆஸ்பத்திரிக் கூடாரத்துல அவன் பக்கத்துப் படுக்கை. 'எங்கம்மாகிட்டப் போய்ச் சொல்லிடு'ன்னுட்டுக் கண்ணை மூடிட்டான். நான் படையை விட்டு ஓடுற யோசனையில இருந்தவன். அவனோட விடுப்புச் சீட்டை எடுத்துக்கிட்டேன்; என் பேர்ல அவனைப் புதைச்சாங்க. சாவுச் சேதி சொல்லத்தான் இந்த மலை ஏறினேன். கதவைத் திறந்த அவனோட அம்மா கெசையா, 'உள்ள வந்து சாப்பிடு'ன்னாங்க. எனக்கு வாயே வரலை. என் பழைய பேரா? அது மண்ணுக்குள்ளயே கிடக்கட்டும்."

"அப்ப அந்த டார்பெல் மூக்கு யாருது?" என்றான் கோர்டன்.

மார்லிஸ் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். அடக் கடவுளே, நூற்றுப்பத்துச் சட்டை! ஊரார் பெயருக்கெல்லாம் அத்தாட்சி கேட்டவளுக்குத் தன் பெயருக்கு அத்தாட்சி இல்லை. அவமானத்தில் முகம் எரிந்தது.

"கல்லு வேண்டாம்னு சொல்லணும். எவனோ ஒருத்தன் எங்க பேரைத் திருடியிருக்கான்!"

"அந்த எவனோ இல்லைன்னா நீ ஏதுடி? இரு, கெசையா அம்மா சொன்னதும் இருக்கு."

அதிகாரி கேட்டிருக்கிறார்: "இவன் உங்க மகன் இல்லைன்னு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"பத்தொன்பது வருஷமா ஏன் சொல்லலை?"

"சொன்னா எனக்கு ரெண்டு பேருமே இல்லாமப் போயிருவாங்களே, ஐயா."

மார்லிஸ் தாளைப் பிடுங்கி அந்த வரியைத் தானே படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு கல் வெட்டும் ஹார்லனுக்குப் போன் போட்டாள்.

"ஹார்லன், இன்னொரு கல்லு வேணும். சின்னது போதும்."

"நாளன்னிக்குக் கூடலை வச்சுக்கிட்டு விளையாடுறியா? சரி, என்ன பேரு?"

"ஓரின் டார்பெல்."

"ஏம்மா, அதைத்தான் வெட்டி வச்சிருக்கேனே!"

"அது இருக்கட்டும். அதே பேர்ல இன்னொண்ணு வெட்டு. அந்தம்மாவுக்கு ரெண்டு பிள்ளைங்க."