கயித்த விடுங்க சார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த வாரத்தில் நடந்தது இது. ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. குடியாத்தத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

கம்பெனியில் வருடா வருடம் விளையாட்டு விழா நடக்கும். மியூசிக்கல் சேர், கோலப்போட்டி எல்லாம் உண்டு என்றாலும், எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு பார்ப்பது கயிறு இழுக்கும் போட்டியைத்தான். பிரிவுக்கு ஓர் அணி, ஆணும் பெண்ணும் கலந்து எட்டுப் பேர். எங்கள் பிரிவு மேனேஜர் முதல் ஆளாகத் தன் பெயரைக் கொடுத்துவிட்டார். நாற்பது வயதைத் தாண்டியவர், வாட்டசாட்டமான ஆள். அவரையே கேப்டனாக இருக்கச் சொன்னோம்.

“அதெல்லாம் வேணாம். உங்கள்ல யாராவது இருங்க, நான் சொல்றத கேக்குறேன்” என்றார்.

பள்ளியில் கபடி ஆடியவள் என்று பக்கத்து மிஷின் அக்கா என்னை முன்னால் தள்ளிவிட்டார்.

எப்படியோ இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். எதிரே பேக்கிங் பிரிவு. தினமும் பெட்டி தூக்கி உரமேறிய ஆட்கள். மூன்று சுற்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். நான் ‘இழு’ என்று குரல் கொடுக்கும்போது எட்டுப் பேரும் ஒன்றாக இழுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம். ஆனால் விசில் சத்தம் கேட்டதும் கயிற்றின் கடைசியில் நின்ற மேனேஜர் ஆவேசம் வந்தவர்போல் தனியாக இழுத்தார். முன்னால் நின்ற பெண்களுக்குக் கால் இடறியது. முதல் சுற்று போய்விட்டது.

“சார், என் குரலுக்கு இழுங்க சார்” என்றேன்.

“சாரிம்மா, ஆர்வத்துல பண்ணிட்டேன்” என்றார்.

இரண்டாவது சுற்றிலும் அதையேதான் செய்தார். எதிரணியில் ஒருவர் வழுக்கி விழுந்ததால் மட்டுமே பிழைத்தோம். ஆளுக்கு ஒரு சுற்று. மைதானம் முழுக்க விசிலும் கைதட்டலும். கோளாறு எங்கே என்று அணியில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

“நீதானே கேப்டன், நீயே சொல்லு” என்று அக்கா கிசுகிசுத்தார்.

“சொன்னா என் வேல போய்டும்க்கா.”

“சொல்லலன்னா தோத்துப் போய்டுவோம்டி.”

ஜெயிக்க வேண்டும் என்ற வெறியில் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. நேராக அவர் முன்னால் போய் நின்றேன். “கயித்த விடுங்க சார். இந்த ரவுண்டு நீங்க வெளிய நில்லுங்க” என்றேன்.

ஒரு கணம் அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பேக்கிங் பிரிவில் யாரோ, “இன்னாப்பா, மேனேஜரையே தூக்கிட்டாங்க” என்று சிரித்தது நன்றாகவே கேட்டது.

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். “என் எடத்துல யாரு?” என்று கேட்டார்.

எங்கள் பிரிவின் பசை ஒட்டும் மேஜையிலிருந்து மாற்று ஆளாக வந்திருந்த ஒல்லியான ஒரு பெண்ணைக் காட்டினேன். தன் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து அவரே அந்தப் பெண்ணின் கையில் சுற்றிவிட்டார். “அவங்க குரலுக்கு மட்டும் இழும்மா. என்ன மாதிரி பண்ணிடாத” என்று சொல்லிவிட்டுக் கோட்டுக்கு வெளியே போய் நின்றார்.

மூன்றாவது சுற்றை நினைத்தால் இப்போதும் என் உள்ளங்கை எரிகிறது. முதலில் நாங்கள்தான் சறுக்கினோம். எனக்கும் கோட்டுக்கும் நடுவில் கொஞ்சம் செம்மண்தான் மிச்சம். குதிகாலை ஊன்றிக்கொண்டு ‘இழு’ என்று கத்தினேன். எட்டு உடம்பும் ஒரே சமயத்தில் பின்னால் சாய்ந்தன. கயிறு நின்றது. மறுபடி கத்தினேன். அது எங்கள் பக்கம் அசைந்தது. அதற்குப் பிறகு நான் என்ன கத்தினேன் என்றே நினைவில்லை. பேக்கிங் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவராகச் சரிய, நாங்களும் மல்லாந்து விழுந்தோம். எழுந்து பார்த்தால், எங்களைவிட அதிகமாகக் குதித்துக்கொண்டிருந்தவர் மேனேஜர்தான்.

கோப்பையோடு படம் எடுக்கும்போது அவரை நடுவில் நிற்கச் சொன்னார்கள். “கடைசி ரவுண்டு இழுத்தவங்க நிக்கட்டும்” என்று ஓரமாகப் போய்விட்டார். விழாவுக்கு வந்திருந்த முதலாளி, “உன்னையே வெளிய அனுப்பிட்டாங்களாமே?” என்று கேட்டார். “ஆமா சார், சரியான நேரத்துல அனுப்புனாங்க” என்றார் எங்கள் மேனேஜர், பெருமையோடு.

இருந்தாலும் திங்கட்கிழமை எனக்கு உதறல்தான். மிஷினில் உட்கார்ந்ததும் அவர் நேராக என்னிடம் வந்தார். “அன்னிக்கு நேரா சொன்னீங்க பாருங்க, அதே மாதிரி தையல் லைன்லயும் நான் எடஞ்சலா இருந்தா சொல்லணும்” என்றார்.

“இப்பவே ஒண்ணு இருக்கு சார்” என்று வாய் தவறி வந்துவிட்டது. “நீங்க பின்னால நின்னு பாத்தா பயத்துல எனக்குத் தையல் கோணிக்கினு போவுது.”

லைன் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். அன்றிலிருந்து அவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றதில்லை. முன்னால் வந்து, முகம் பார்த்துப் பேசிவிட்டுப் போவார். அடுத்த மாதமே என் வேலையும் நிரந்தரமானது.

இப்போது ஒரு லைனுக்கு நான் சூப்பர்வைசர். யாராவது என் தவறை முகத்துக்கு நேராகச் சொல்லும்போது எனக்கும் சுருக்கென்றுதான் இருக்கிறது. அந்தச் சுருக்கை விழுங்கிவிட்டு ‘சொல்லும்மா’ என்று கேட்பதைவிடக் கஷ்டமான வேலை இந்தக் கம்பெனியில் எதுவும் இல்லை என்று தினமும் தெரிந்துகொண்டிருக்கிறேன்.